அடிக்கோட்டில் இருப்பவர்கள்

வல்லம் என்றதும் பலருக்குத் தஞ்சாவூர் வல்லம்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது செஞ்சிப் பக்கத்து வல்லம். எங்கள் பக்கம் நிலக்கடலையை மணிலா என்போம்; மல்லாட்டை என்றும் சொல்வோம். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. ரகங்களை அப்பா காலத்திலிருந்தே விதைத்த குடும்பம் எங்களுடையது. மூட்டை பிடித்துச் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு ஏற்றுவோம். அந்த மணிலாவில் நஞ்சு இருக்கிறதா என்று அளந்து பார்ப்பது பின்னாளில் எனக்குப் பிழைப்பானது. ஆய்வுக்கூடத்தில் வேலை. முதலில் காகிதச் சுருளில் பேனா இழுத்த கோடு, பிறகு கணினித் திரையில் வண்ணப்படம். மனிதர்களை எப்படி எடைபோடக் கூடாது என்பதை நான் பெரும்பாலும் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் கற்றேன். இளையவர்கள் கேட்க வேண்டியது அதில் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் நஞ்சைப் பற்றி. காய் முற்றும் நேரத்தில் மழை பொய்த்து மண் காய்ந்தாலும், பிடுங்கிய காயை ஈரத்தோடு குவித்து வைத்தாலும், ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சணம் கொட்டைக்குள் இறங்கும். அது சுரப்பதுதான் அஃப்ளாடாக்சின். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் பார்த்தபோது, தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கில் வந்து நின்றது விசாரணை. 1974இல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டோர் ஈரல் கெட்டு இறந்தார்கள். கெட்ட பிண்ணாக்கை மாடு தின்றால் நஞ்சு வேறு உருவெடுத்துப் பாலில் வரும். நேரே தின்னும் கடலையில் ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது ஐரோப்பிய ஒன்றியம். ஒரு டன் கடலையில் 4 மில்லிகிராம். கண்ணுக்கும் நாக்குக்கும் அகப்படாத அளவு.

அதைப் பிடிக்கும் வழிதான் குரோமடோகிராஃபி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிகயீல் த்ஸ்வெத் என்ற ரஷ்யத் தாவரவியலாளர், கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத் தூளை அடைத்து இலைச்சாற்றை இறக்கினார். பச்சை தனியாக, மஞ்சள் தனியாகப் பிரிந்து நின்றன. ஒவ்வொரு பொருளும் தூளோடு ஒட்டும் விதம் வேறு. அதனால் நகரும் வேகமும் வேறு. எங்கள் கருவியிலும் அடிப்படை இதுதான். குழாயின் மறுமுனையில் ஒவ்வொன்றாக வெளியே வரும்போது புறஊதா ஒளியைப் பாய்ச்சுவோம். அஃப்ளாடாக்சின் ஒளிரும். அந்த ஒளியின் அளவை நேரத்துக்கு எதிரே வரைந்தால் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு கிடைக்கும். மேட்டுக்குப் பீக் என்று பெயர். பீக்கின் பரப்பு எவ்வளவோ, அவ்வளவு நஞ்சு.

பரப்பை எப்படி அளப்பது? எங்களுக்கு மூத்தவர்கள் பீக்கைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து, அந்தக் காகிதத் துண்டைத் தராசில் நிறுத்தார்கள்! காற்றில் ஈரம் ஏறினால் காகிதமும் கனக்கும் என்பதால் அதற்கும் பார்த்து நடப்பார்கள். பிறகு இன்டெக்ரேட்டர் பெட்டி வந்து கணக்குப் போட்டுச் சீட்டில் அச்சடித்தது. பிறகு கணினி. இப்போதுள்ள கருவி ஒரே மாதிரிக்கு லட்சக்கணக்கான எண்களைக் கொட்டுகிறது. ஒவ்வொரு நொடியிலும் எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி, எந்த நிறையுள்ள அயனி எத்தனை என்று பெரிய அட்டவணை. மனிதக் கண் அதைப் படிக்காது. அதைப் படமாக்கிக் காட்டத்தான் மென்பொருள். படம் வந்ததும் நமக்கு நிம்மதி, புரிந்துவிட்டது என்று. ஆனால் படமாகும் வழியில் யாரோ பல முடிவுகளை எடுத்திருக்கிறார்கள். சில முடிவுகள் நம்முடையவை, சில மென்பொருள் எழுதியவருடையவை. நான் சொல்ல வந்தது அந்த முடிவுகளைப் பற்றி.

முதல் முடிவு அடிக்கோடு. பேஸ்லைன் என்போம். குழாயிலிருந்து ஒன்றுமே வராதபோதும் கருவி சுழியைக் காட்டாது. விளக்கு, கரைப்பான், மின்சுற்று எல்லாம் சேர்ந்து எப்போதும் ஓர் அளவு இருந்துகொண்டே இருக்கும். மென்பொருள் அதன்மேல் ஒரு கோட்டை இழுத்து, அதற்குக் கீழே உள்ளதைக் கழித்துவிடும். மேலே உள்ளது மட்டும்தான் கணக்கு. இப்படிக் கழிக்காமல் எதையும் அளக்க முடியாது. ஆனால் நடந்தது என்ன? எது எப்போதும் இருந்ததோ அது சுழியாகிவிட்டது.

எங்கள் கூடத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவ ஓர் அம்மா இருந்தார். முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு குழாய்த் தண்ணீர், கடைசியில் வாலைவடித்த நீர் என்று ஒவ்வொரு குடுவையையும் அலசிக் கவிழ்த்து வைப்பார். அவர் வேலை சரியாக நடந்தால் வரைபடத்தில் எதுவும் தெரியாது. சரியாக நடக்காவிட்டால்தான் பேர் தெரியாத பீக்குகள் முளைக்கும்; உடனே எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் விடுப்பில் போன வாரங்களில் எங்கள் அடிக்கோடு ஆடியதைப் பார்த்தபோது எனக்கு என் அம்மா நினைவுக்கு வந்தார். விடியுமுன் எழுந்து வாசல் தெளித்து, மாட்டைக் கறந்து, களத்து ஆட்களுக்குக் கஞ்சி கொண்டுபோன அம்மாவைப் பற்றி வீட்டில் யாரும் தனியாகப் பேசியதில்லை. பொங்கலுக்கு ஒருமுறை பட்டணத்திலிருந்து மிட்டாய்ப் பெட்டியோடு வரும் மாமாவைப் பற்றி வருஷம் முழுக்கப் பேசுவோம். மாமா பீக். அம்மா அடிக்கோடு. அவரைக் கழித்த பிறகுதான் எங்கள் கணக்கே தொடங்கியது.

ஆய்வுக்கூடத்தில் இதற்கு ஒரு மருந்து உண்டு. மாதிரியைப் போடாமல் வெறும் கரைப்பானை மட்டும் ஓட்டிப் பார்ப்போம். எதைக் கழித்துக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போது தெரியும். உங்கள் வீட்டிலும் அலுவலகத்திலும் அப்படி ஒருமுறை பாருங்கள். தினமும் நடப்பதால் கண்ணில் படாத வேலைகளை யார் செய்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெயர்கள் வரும். அவர்களிடம் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இரண்டாவது முடிவு, படத்தின் உயரம். மென்பொருளைச் சும்மா விட்டால் மிக உயரமான பீக் திரைக்குள் அடங்கும்படி படத்தைச் சுருக்கும். மற்றவை தரையோடு தரையாகிவிடும். அஃப்ளாடாக்சினில் இது பெரிய ஆபத்து. நாங்கள் தேடுவது நான்கு வகை: பி1, பி2, ஜி1, ஜி2. நான்கிலும் கொடியது பி1. ஆனால் கரைப்பானில் தண்ணீர் இருந்தால் பி1, ஜி1 இரண்டின் ஒளியும் மங்கிவிடும். மிகக் கொடியதே சரியாக ஒளிராமல் ஒளிந்திருக்கும். அயோடின், புரோமின் போன்றவற்றோடு வினைபுரிய வைத்தோ, வழியில் புறஊதா ஒளியைக் காட்டியோ அதை ஒளிரவைத்த பிறகுதான் அளக்கவேண்டும்.

எங்கள் உறவில் ஒரு பாகப்பிரிவினை நடந்தது. ஒரு தம்பி தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். இன்னொருவர் ஒன்றும் பேசவில்லை. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். கத்தியவரைச் சமாதானப்படுத்துவதிலேயே பெரியவர்கள் நேரம் போனது. அவர் அன்று மாலையே எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார். பேசாதவர் பல வருஷம் எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு வரவில்லை. சத்தத்தின் உயரத்தை வைத்து வருத்தத்தை அளந்தோம், அளவு தவறிவிட்டது. பேசாதவரைத் தனியே அழைத்து, அவர் பேசக்கூடிய சூழலில் வைத்துக் கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது, ஒன்றுபோல் தெரியும் இரண்டு. இரு பொருள்கள் ஒரே நேரத்தில் குழாயைவிட்டு வந்தால் கோட்டில் ஒரே பீக்காகத்தான் தெரியும். எங்கள் ஊர்ப்பக்கம் சில இடங்களில் நின்று பார்த்தால் செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரியும் ராஜகிரியும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே குன்றாகத் தெரிவது போலத்தான் இதுவும். நடந்து வேறு இடத்துக்குப் போனால் பிரிந்துவிடும். டையோடு அரே என்ற உணர்கருவி வந்தபின் எங்களுக்கும் அப்படி நடந்து பார்க்க வழி கிடைத்தது. நேரம் ஒரு அச்சு, அலைநீளம் இன்னொரு அச்சு என்று நிலவரைபடம் போலத் திரையில் விரித்துப் பார்த்தால், ஒரே மேட்டின் இடப்பக்கத்து நிறமாலையும் வலப்பக்கத்து நிறமாலையும் வேறாக இருக்கும். உள்ளே இரண்டு பேர்.

அந்தக் கோட்டையும் இப்படித்தான். மராத்தியரின் போர்க் கோட்டைகளில் ஒன்றாக 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சிவாஜி அதைப் பிடித்தது 1677இல். அவர் மகன் ராஜாராம் முகலாயப் படையை எதிர்த்து அங்கே பல ஆண்டு தாக்குப்பிடித்தார். பட்டியல் சொல்வது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னே நாயக்கர்களும் பீஜாப்பூர்க்காரர்களும், பின்னே 1714இல் மாண்ட தேசிங்கு ராஜாவும், பிரெஞ்சுக்காரர்களும், ஆங்கிலேயர்களும் அதே மதில்களுக்குள் இருக்கிறார்கள். ஒரு பெயரின் கீழ் எத்தனை பேர்! மனிதருக்கும் நாம் ஒரு பெயர் ஒட்டுகிறோம்: கஞ்சன், கோபக்காரர், சோம்பேறி. கஞ்சன் என்று ஊர் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். அவர் யாருக்கும் தெரியாமல் அக்காள் பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார் என்பது அவர் இறந்த பிறகு அந்தப் பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்தது. ஊர் பார்த்தது ஒரே அச்சில்.

நான்காவது, இழைத்துவிடுவது. கருவியின் கோடு எப்போதும் சிலிர்த்துக்கொண்டே இருக்கும். பார்க்க அழகாக இருக்க அதை மென்பொருள் வழவழப்பாக்கும். சவிட்ஸ்கியும் கோலேயும் 1964இல் எழுதிய முறை இன்றைக்கும் பல மென்பொருள்களில் இருக்கிறது. அவர்கள் கொடுத்த அட்டவணையில் பிழைகள் இருந்ததை 1972இல் வேறு மூவர் எடுத்துக்காட்டித் திருத்தினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அளவோடு இழைத்தால் உதவி. மிகையாக இழைத்தால் ஒட்டி நின்ற இரண்டு சிறு பீக்குகள் ஒன்றாகிவிடும். கூரிய ஒன்று தேய்ந்துபோகும்.

இதன் மறுபக்கத்தை ராமன் நிறமாலையில் பார்க்கலாம். திருச்சியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி. வி. ராமன், 1928 பிப்ரவரி 28 அன்று கொல்கத்தாவில் கண்டது அது. சிதறும் ஒளியில் மிகமிகச் சிறிய பங்கு மட்டும் நிறம் மாறி வருகிறது. அதைப் பார்த்துப் பொருள் என்னவென்று சொல்லலாம். கீழடிப் பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்விலும் ராமன் நிறமாலை ஒரு சான்று. இந்தக் கருவியில் சில சமயம் ஊசி நட்டது போல் ஒரு கோடு திடீரென்று எழும். மாதிரிக்கும் அதற்கும் தொடர்பே இருக்காது. விண்ணிலிருந்து வந்த காஸ்மிக் கதிர் ஒன்று உணர்கருவியில் பட்டிருக்கும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? மறுபடி அளப்போம். இரண்டாம் முறை வராவிட்டால் அது மாதிரியின் குணம் இல்லை.

என்றோ ஒருநாள் ஒருவர் நம்மீது எரிந்து விழுந்தால் அதையே அவர் குணம் என்று எழுதிவைத்துக்கொள்கிறோம். அன்று அவர் வீட்டில் என்ன நடந்ததோ! இரண்டாம் அளவு எடுக்காமல் முடிவு எழுதக் கூடாது. அதேபோல, ஒருவர் திரும்பத் திரும்பச் செய்யும் சிறு கொடுமையைப் "போகட்டும், நல்ல மனுஷன்" என்று இழைத்து மறைப்பதும் கூடாது. மறுபடி வந்தால் அது பீக்தான். பல பெண்களின் வாழ்க்கை அந்தப் "போகட்டும்" என்ற சொல்லின் அடியில் நசுங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் முந்தியது மாதிரி எடுப்பது. நூறு கொட்டையில் நஞ்சு சமமாகப் பரவியிருக்காது. பெரும்பாலான கொட்டைகள் சுத்தமாக இருக்கும். ஏதோ ஒரு சொத்தைக் கொட்டையில் அனுமதித்த அளவைப்போல் பல ஆயிரம் மடங்கு இருக்கும். ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்து மூட்டைக்குத் தீர்ப்பு எழுதினால் அநியாயமாக முடியும், இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ. அதனால்தான் ஐரோப்பிய விதி, பெரிய சரக்கில் நூறு இடங்களில் குத்தூசி போட்டு மொத்தம் 20 கிலோ எடுத்து அரைத்துக் கலக்கச் சொல்கிறது. கோடி ரூபாய்க் கருவியும் வண்ணத்திரையும், சோம்பி எடுத்த ஒரு கைப்பிடியைச் சரிசெய்யாது. ஓர் ஊரை, ஒரு சாதியை, ஒரு தலைமுறையைப் பற்றி யாராவது உறுதியாகப் பேசினால் நான் கேட்பது இதைத்தான்: எத்தனை மூட்டையில் குத்தூசி போட்டீர்கள்?

கடைசியாக, மூலத்தை அழிக்கக் கூடாது. நான் இளைஞனாக இருந்தபோது சரக்குக்காரர் ஒருவர் எங்கள் மூத்த ஆய்வாளர் பக்கத்தில் வந்து நின்று, "சார், அந்தக் கோட்டைக் கொஞ்சம் மேலே ஏத்தினா பாஸாயிடும்ல?" என்றார். அடிக்கோட்டைச் சற்று உயர்த்தினால் பீக் சிறுக்கும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. எங்களவர் கோபப்படவில்லை. "ஏத்தலாம்யா. ஏத்தினேன், ஏன் ஏத்தினேன்னு எழுதிக் கையெழுத்தும் போடணும். உங்க பேரையும் எழுதிக்கட்டுமா?" என்றார். வந்தவர் நகர்ந்துவிட்டார். தவறாக எழுதியதை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போடுவது எங்கள் ஏட்டு வழக்கம். அழிப்பான் தொடக்கூடாது. கணினி வந்தபின் இதே ஒழுக்கத்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1997இல் விதியாக்கியது. யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை மென்பொருளே பதிந்துகொள்ள வேண்டும். ஆய்வுத் தரவில் பொய் சொன்னதையும் ஒப்புக்கொண்டு ஒரு பெரிய இந்திய மருந்து நிறுவனம் 2013இல் அமெரிக்காவில் 50 கோடி டாலர் கட்டியது.

வேதியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் தொடங்கி 2010இல் அறிமுகமான ஓப்பன்குரோம் என்ற மென்பொருள் திறந்த மூலமாகக் கிடைக்கிறது. ஒரே தரவை எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்கோட்டை மூன்று விதமாக இழுங்கள். உயரத்தை மாற்றுங்கள். இழைத்தும் இழைக்காமலும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வரும் விடையைக் குறித்துவையுங்கள். விடை எவ்வளவு மாறுகிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்தவர், பிறகு எந்தப் படத்தையும், எந்தச் செய்தியையும், எந்த வம்பையும் வந்தபடியே நம்பமாட்டார்.

வேதியியல் படிக்காதவர்களுக்கும் பயிற்சி உண்டு, அது கடினமானது. ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்போது, எந்தக் கோட்டிலிருந்து அளந்தேன், எதைக் கழித்தேன், எத்தனை முறை பார்த்தேன் என்பதையும் அதே வாயால் சொல்லிப் பழகுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவையுங்கள். தள்ளிவைத்ததால் யாரும் கெட்டுப்போனதில்லை. அவசரத்தில் சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாமல் உறவை இழந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.